நெக்லிஜென்ஸ் என்றே எழுதித் தரவும்

தெமோதரை
11.02.2025

மதிப்புக்குரிய நிஸாம் முதலாளி அவர்களுக்கு,

யேசுரத்தினம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி இருதயம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் கடிதம் தொடங்குவது முறையில்லை என்பதால் விசாரிக்கிறேன்.

எங்கள் கல்யாணப் படத்தை 1975 மே மாதம் உங்கள் வாப்பாதான் எடுத்தார். இரண்டு பிரதி போட்டோம். ஒன்று இந்தியாவுக்குப் போனது. மற்றது ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. வருகிற மே 25ஆம் திகதி எங்கள் கோயிலில் பொன்விழாப் பூசை. அன்றைக்கு வாசலில் வைப்பதற்காக அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி ஜனவரியில் உங்கள் ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை எடுக்க வந்தேன். நீங்கள் கடையில் இல்லை. உங்கள் மகன் ஷாஹ்மி மேசையின் எல்லா லாச்சியையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில், "சொரி அங்கிள், கொஞ்சம் கெயார்லெஸ் ஆகிட்டோம்" என்று சொல்லி எனக்கு ஒரு கதிரையைத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

கெயார்லெஸ் என்பது தேத்தண்ணியைக் கொட்டிவிட்ட பிள்ளைக்குச் சொல்கிற சொல். அடுத்தவன் பொருளைப் பொறுப்பு ஏற்று வாங்கிவிட்டு, அதைப் பாராமல் விட்டால் அதற்கு இங்கிலீஷில் நெக்லிஜென்ஸ் என்று பெயர். ஆகவே கடையின் லெட்டர்ஹெட்டில், இங்கிலீஷில், அந்தச் சொல்லைப் போட்டு, உங்கள் கையெழுத்துடன் ஒரு கடிதம் தரவும். போன் எடுக்க வேண்டாம். போனில் சொன்ன சொல்லை ஃபைலில் போட முடியாது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
மு. யேசுரத்தினம்


பதுளை
18.02.2025

அன்புள்ள யேசுரத்தினம் அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் உதவியால் நலம். அக்காவுக்குச் சலாம் சொல்லுங்கள். அவர்களுக்கு மாதா மாதம் ஆஸ்பத்திரி கிளினிக் இருக்கிறதல்லவா, பிரஷர் எப்படி?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். படம் எங்கள் கையை விட்டுப் போனது உண்மை. ஸ்கேன் பண்ணுவதற்கு முன்பே போய்விட்டது. வாப்பா காலத்து நெகட்டிவ் எல்லாம் பூஞ்சணம் பிடித்து எறிந்தாயிற்று. இது எங்கள் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை லெட்டர்ஹெட்டில் இத்துடன் எழுதி அனுப்புகிறேன்.

ஒரு யோசனை சொல்கிறேன். நீங்களும் அக்காவும் ஒரு நாள் கடைக்கு வாருங்கள். நானே புதிதாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கித் தருகிறேன். ஒரு சதமும் வேண்டாம். கல்யாணப் படத்துக்கு நீங்கள் போட்டிருந்த கடைக் கோட் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.

நீங்கள் கேட்ட அந்தச் சொல்லை மட்டும் என்னால் எழுத முடியாது. கோபிக்க வேண்டாம்.

துஆக்களுடன்,
எம். நிஸாம்


தெமோதரை
22.02.2025

நிஸாம் முதலாளி அவர்களுக்கு,

நாங்கள் சுகம். இருதயம்மாவுக்குப் பிரஷர் பரவாயில்லை. என்னுடையதுதான் கூடியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கவனக்குறைவு என்றால் கவனம் இருந்தது, கொஞ்சம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இருந்திருந்தால் படமும் இருந்திருக்கும். தமிழில் எழுதுவதானால் அசட்டை என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லில் எனக்கு என்ன பிடிவாதம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். நான் தேயிலைப் பெக்டரியில் டிரையருக்கு நின்றவன். 1983இல் ஒரு நாள் தேயிலை கருகிப்போனது. சூடு காட்டுகிற தெர்மோமீட்டர் பழுது என்று அதற்கு முன்பே பல தடவை நான் சொல்லியிருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. கருகிய பிறகு தோட்டத்துத் துரை எனக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்து ஒரு கிழமை வேலையை நிறுத்தினார். கணக்கப்பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தேன். "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் கவனமா இருன்னு எழுதியிருக்கு" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதுளையில் பழைய புத்தகக் கடையில் ஒரு டிக்ஷனரி வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். நெக்லிஜென்ஸ் என்று இருந்தது. பிறகு எத்தனையோ தடவை விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை எடுக்கிறோம் என்று ஒரு வரி வரவில்லை. அந்த ஒரு சொல்லை வாசிக்கத்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். மற்றச் சொற்களெல்லாம் அதோடு கூட வந்தவை.

செய்யாத எனக்கு அது கிடைத்தது. செய்த உங்களுக்குக் கிடைக்காமல் போவது நியாயமில்லை.

புதுப் படம் வேண்டாம். எழுபது வயதுக்கு மேல் மாப்பிள்ளை வேஷம் போட நான் கூத்தாடி இல்லை.

மு. யேசுரத்தினம்


தெமோதரை
26.02.2025

நிஸாம் தம்பிக்கு இருதயம்மா அக்கா எழுதிக்கொள்றது,

நான் சுகம். நீங்களும் வீட்ல உள்ளவங்களும் சுகமா இருக்க மாதாவை வேண்டிக்கிறேன். பக்கத்து வீட்டு நிலுக்ஷி பதுளையில துணிக்கடைக்கு வேலைக்கு வர்றா. அவ கையில இதைக் குடுத்து விடுறேன். படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுருங்க.

உங்களுக்கு வந்த கடிதமெல்லாம் எனக்குத் தெரியும். எழுதி முடிச்சதும் எனக்குச் சத்தமா வாசிச்சிக் காட்டுவாரு. நானும் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே கேப்பேன். உங்க பேரு வர்ற எடத்துலயெல்லாம் கத்தியக் கீழ வச்சிடுறேன் தம்பி. பதுளைக் கிளினிக்குக்கு வந்தப்போ படத்தை நான்தான் வாங்கிட்டு வந்தேன்னு ஒரு வார்த்த நீங்க எழுதல. நான் கேட்டுக்கிட்டதுக்காக இவ்வளவு பேச்சு வாங்குறீங்க.

படம், மருந்து எழுதுற என் கிளினிக் கொப்பி உறைக்குள்ளதான் இருக்கு. அதை அவரு தொடமாட்டாரு. ஆஸ்பத்திரின்னாலே பயம்.

அந்தப் படத்தை அவ்வளவு பெரிசாக்கிக் கோயில் வாசல்ல வைக்க எனக்கு இஷ்டமில்ல. அதுல என் மொகம் எப்படி இருக்குன்னு நீங்களே பாத்தீங்கல்ல. நீங்க ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்தீங்க. பொன்விழாவுக்கு ஒரு நல்ல படம் வேணும், அவ்வளவுதான் என் ஆசை. பழசு கையில இருக்கிற வரைக்கும் புதுசு எடுக்க அவரு வரமாட்டாரு. பழசு இல்லைன்னா வருவாருன்னு நெனச்சேன். மனுஷன் படத்தை விட்டுட்டு டிக்ஷனரியைப் புடிச்சிக்கிட்டாரு.

உயிர்த்த ஞாயிறு முடியட்டும், நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க தம்பி.

இருதயம்மா


பதுளை
04.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். நிலுக்ஷியிடமே இதைக் கொடுத்து விடுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஷாஹ்மி தான்தான் படத்தைத் தொலைத்துவிட்டதாக நினைத்து முகம் வாடித் திரிந்தான். கடைக்கு வருகிறவர்களிடம் பொருள் வாங்கவே பயந்தான். அவனுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "அப்ப அந்த அங்கிள் நம்மள சும்மாவா ஏசுறாரு வாப்பா?" என்று கேட்டான். "சும்மா இல்ல மகன், ஒரு அக்காவுக்காக" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

நெக்லிஜென்ஸ் என்று மட்டும் என்னால் எழுத முடியாது அக்கா. கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன். அப்படித்தான் நடந்தது என்று எழுதவில்லை. நோன்பு வாயோடு பொய்க் கையெழுத்துப் போட முடியாது. வாப்பாவின் பெயர் இன்னும் போர்டில் இருக்கிறது. நாளைக்கு அந்தக் கடை மகனுடையது.

நீங்கள் சொல்லும் நாளுக்குக் காத்திருப்பேன். ஆனால் அக்கா, அதிகம் தாமதிக்க வேண்டாம்.

நிஸாம்


தெமோதரை
15.03.2025

நிஸாம் முதலாளி அவர்களுக்கு,

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. உங்களுக்கு நோன்பு, எங்களுக்குத் தவக்காலம். கோபத்தைக் குறைக்கச் சொல்லிச் சுவாமி பிரசங்கம் வைத்தார். குறைத்துத்தான் எழுதுகிறேன்.

நேற்றும் டிக்ஷனரி பார்த்தேன். உங்களுக்கு இரக்கம் காட்டலாமா என்று இடையில் இருக்கிற சொற்களையும் தேடினேன். ஸ்லெக் என்று ஒன்று இருக்கிறது. அது கயிறு தளர்வாக இருப்பதற்கும், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தி வருகிற ஆளுக்கும் சொல்வது. லெக்ஸ் என்று ஒன்று. சட்டம் இருந்தும் இறுக்கிப் பிடிக்காத அதிகாரிக்குச் சொல்வது. இரண்டையும் உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. உங்கள் கடையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு உறையிலும் பெயரும் திகதியும் எழுதியிருப்பதை நானே கண்டேன். அவ்வளவு ஒழுங்கான கடையில் என் படம் மட்டும் இல்லை என்றால், அது என் மேல் உள்ள அசட்டை அல்லாமல் வேறென்ன?

உயிர்த்த ஞாயிறு வரை பார்ப்பேன். அதற்குள் கடிதம் வராவிட்டால் பதுளைக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கே எழுதுவேன்.

இருதயம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஏன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மு. யேசுரத்தினம்


பதுளை
01.04.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் செய்த வட்டிலப்பம் ஷாஹ்மியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கோபம் வேறு, பெருநாள் வேறு.

நீங்கள் கச்சேரிக்கு எழுதினால் நான் தடுக்க மாட்டேன். அது உங்கள் உரிமை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தெர்மோமீட்டர் கதையை எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த நாளிலிருந்து என் மனதில் அது இருக்கிறது. செய்யாத ஒருவர் மேல் அந்தச் சொல்லை எழுதினால் எவ்வளவு காலம் வலிக்கும் என்று இந்தப் பதுளையில் உங்களை விட அறிந்தவர் யார்?

இதற்கு மேல் நான் ஒன்றும் எழுத முடியாத நிலையில் இருக்கிறேன்.

பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோட்டை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

நிஸாம்


தெமோதரை
25.04.2025

நிஸாம் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள், வீட்டில் உள்ளவர்கள், ஷாஹ்மி எல்லோரும் சுகமா? இந்த முறை உண்மையாகவே விசாரிக்கிறேன்.

வட்டிலப்பம் வந்தது. தவக்காலத்தில் நான் இனிப்புத் தொடுவதில்லை. இருதயம்மா தொட்டாள். எனக்கு எடுத்து வைக்கவும் இல்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை கச்சேரிக்கு எழுத உட்கார்ந்தேன். நல்ல கடிதம். முடித்துவிட்டு வழக்கம் போல வாசித்துக் காட்டினேன். இருதயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அந்த எடத்துல என் பேரப் போட்டுக்குங்க" என்றாள்.

"எந்த எடத்துல?"

"நெக்லிஜென்ஸ் பண்ணினது யாருன்னு எழுதியிருக்கீங்கல்ல, அங்க."

எழுந்து போய்க் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து, உறைக்குள் விரலை விட்டுப் படத்தை எடுத்து என் டிக்ஷனரி மேல் வைத்தாள்.

பேனாவை மூடி வைத்தேன். "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"அதுல என் கண்ணப் பாருங்க."

"பாத்துத்தானே இருக்கேன். வெக்கத்துல குனிஞ்சிருக்க."

"வெக்கமா? ஐம்பது வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதத்தான் சொல்றீங்க. அது அழுது வீங்கின கண்ணுங்க. படம் எடுத்ததுக்கு முந்தின நாளுதான் அம்மா, அப்பா, தம்பிங்க எல்லாரும் உத்தரவு வந்து ரெயில் ஏறினாங்க, தலைமன்னாருல கப்பல் புடிக்க. இந்தியாவுல எங்க போய் எறங்குவாங்கன்னுகூடத் தெரியாது. அவங்களுக்கு அனுப்பத்தானே படமே எடுத்தோம்."

"நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. கோட்டு எப்படி இருக்குன்னுதான் கேட்டீங்க."

"நல்லாருக்குன்னு சொன்ன."

"நல்லாத்தானே இருந்திச்சி" என்றாள். பிறகு சுளகை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். படம் கையை விட்டுப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்க்கிறவன் நான். அதை நிறுக்கவில்லை.

படத்தையும் பார்த்தேன். இத்தனை வருடமும் நான் அதில் கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

இத்துடன் இங்கிலீஷில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்டூடியோவின் மேல் நான் எழுதிய நெக்லிஜென்ஸ் என்ற சொல்லை முழுதாக எடுத்துக்கொள்கிறேன் என்றும், உங்கள் மேல் ஒரு குற்றமும் இருந்ததில்லை என்றும், இதை யாரிடமும் காட்டலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்படி எழுதுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பெக்டரியிலிருந்து எனக்கு வர வேண்டிய கடிதம் அது. நாற்பது வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். பெயரை மட்டும் மாற்றினேன்.

நீங்களும் என் மனைவியும் கூடிக்கொண்டு எனக்குச் செய்ததற்கு என்ன சொல் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டால் எழுதுவேன்.

கோட் காய்ந்துவிட்டதா?

அன்புடன்,
யேசுரத்தினம்


பதுளை
20.05.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அக்காவுக்கும்,

எல்லோரும் நலம். உங்கள் புதுப் படம் சட்டம் போட்டு முடிந்தது. பஸ்ஸில் கவனமாகக் கொண்டுவரும்படி சொல்லி நிலுக்ஷியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தப் படம் எடுக்க வந்த அன்றைக்குக் கடையில் நீங்கள் சத்தம் போட்டீர்களே, "என்னங்க இது, கோட் இப்படித் தொளதொளன்னு இருக்கு, அன்னைக்கு எனக்கே தச்ச மாதிரி இருந்திச்சே" என்று. அந்தக் கோட் எப்போதுமே லூசுதான் அண்ணன். வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் வாப்பா முதுகுப் பக்கத்தை இழுத்துக் கிளிப் பூட்டித்தான் படம் எடுப்பார். நானும் கிளிப்பைத் தேடத்தான் உள்ளே போனேன். அதற்குள் அக்கா உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஷாஹ்மி பட்டனை அழுத்திவிட்டான். பிறகு ஒழுங்காக எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. அக்கா ஒன்றையும் பார்க்கவில்லை. இதைத்தான் பெரிதாக்கச் சொன்னார்கள்.

உங்கள் தாளை ஷாஹ்மி மூன்று தடவை வாசித்தான். சுவரில் மாட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வாப்பாவின் பழைய கமராப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அங்கே பூஞ்சணம் பிடிக்காது.

பூசைக்குக் குடும்பத்தோடு வருகிறோம்.

நிஸாம்


தெமோதரை
28.05.2025

அன்புள்ள நிஸாம் தம்பிக்கு,

சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் களைப்பில்லாமல் போய்ச் சேர்ந்தீர்களா? நாங்கள் இன்னும் மிச்சமிருக்கிற கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

படத்தைப் பற்றிப் பூசைக்கு வந்தவர்கள் பல மாதிரிப் பேசினார்கள். கோயில் வாசலில் ஒரு பெண், "தாத்தா கோட்டு யாரோடது?" என்று கேட்டாள். முன்னரானால் பதில் சொல்லியிருப்பேன். இருதயம்மா பக்கத்தில் நின்று படத்தில் இருப்பது போலவே சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய படத்தையும் சுவரில் மாட்டியிருக்கிறேன். இருதயம்மா வேண்டாம் என்றாள். இருக்கட்டும் என்றேன். வருகிறவர்கள் கேட்டால் இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அவளுடைய தம்பிகளின் பெயரெல்லாம் சொல்கிறேன்.

ஒரு முறைப்பாடு. புதுப் படத்துச் சட்டத்தின் பின்னால் கொக்கி லூசாக இருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. இரண்டு தரம் நிமிர்த்திவிட்டேன், நிற்கவில்லை. நன்றாக யோசித்து, டிக்ஷனரியும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: இதற்குக் கெயார்லெஸ் போதும்.

அடுத்த கிளினிக்குக்கு இருதயம்மாவோடு நானும் வருகிறேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கதிரையையும். இந்த முறை உட்காருகிறேன்.

இருவரின் அன்புடன்,
யேசுரத்தினம்